விலங்கின் நுரையீரலை மனித உடல் ஏற்குமா?
அறிவியலும் அறமும்: குடும்பத்தோடு படிப்பதற்கு ஒரு பாடம்



பன்றியின் இதயத்தை மனிதருக்குப் பொருத்தினர், பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்தினர் என்னும் செய்திகள் அண்மைக் காலத்தில் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. 2025 ஆகஸ்டில் நுரையீரலும் அவ்வரிசையில் சேர்ந்தது. இச்செய்திகளைப் படிக்கும் நம் இல்லங்களில் இருவகைப் பேச்சு எழக் காண்கிறோம். பெரியோர் "பாவம்" என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடுகின்றனர். இளைஞர் "இனி உறுப்புக்குப் பஞ்சமில்லை" என்று முடித்துவிடுகின்றனர். வேற்றுயிரின் உறுப்பை நம் உடல் ஏன் ஏற்க மறுக்கிறது, அதை ஏற்கச் செய்ய என்னென்ன செய்யவேண்டியிருக்கிறது என்னும் நடுவினாவை இரு சாராரும் கேட்பதில்லை. அவ்வினாவுக்கு விடை தெரிந்த பின்னரே அறத்தின் வினாவை நேர்மையோடு கேட்க இயலும். மொரப்பூரில் நம் இல்லத்துக்கு விடுமுறையில் வரும் பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்ட வினாக்களையும், அவற்றுக்கு நாம் கூறிய விடைகளையும் ஒழுங்குபடுத்தி இங்கே ஒரு பாடமாகத் தருகிறோம்.

பாடத்தின் நோக்கம்

இப்பாடத்தைப் படித்து முடித்தபின் மூன்று செய்திகள் விளங்கவேண்டும். ஒன்று, உடல் அயல் உறுப்பை இனங்கண்டு மறுக்கும் முறை. இரண்டு, உறுப்புகள் பலவற்றுள்ளும் நுரையீரல் மிகக் கடினமான ஒன்றாய் இருப்பதன் காரணம். மூன்று, உறுப்பு தேவைப்படும் ஒருவருக்கு நாம் இன்று செய்யக்கூடிய உதவி.

1. தெரிந்ததிலிருந்து தொடங்குவோம்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்ற விதி. நம் அனைவருக்கும் தெரிந்தது இரத்த வகை. ஓ வகை இரத்தம் உடையவருக்கு ஏ வகை இரத்தத்தையோ பி வகை இரத்தத்தையோ ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். இந்த வகைகளை 1901-இல் வியன்னா நகரில் கண்டறிந்தவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். அதற்காக 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏ, பி என்னும் அடையாளங்கள் யாவை? அவை சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டியுள்ள சர்க்கரைத் தொடர்கள். நாம் தேநீரில் இடும் சர்க்கரை அன்று. அவ்வினத்தைச் சேர்ந்த மிக நுண்ணிய பொருள்கள். நம் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒவ்வொரு வகைக் கோலம் இருப்பதுபோல, ஒவ்வோர் உயிரணுவின் வாசலிலும் ஓர் அடையாளம் இருக்கிறது. உடலின் காவலர்கள் அக்கோலத்தைப் பார்த்தே "இது நம் வீடு, இது அயல்" என்று பிரித்தறிகின்றனர்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. ஓ வகையினர் வாழ்நாளில் ஒருமுறைகூட ஏ வகை இரத்தத்தைக் கண்டிராதவராயினும், அதை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் அவர் உடலில் முன்னரே ஆயத்தமாய் உள்ளன. குழந்தை பிறந்த சில மாதங்களில் குடலில் குடியேறும் நுண்ணுயிர்கள் இதையொத்த சர்க்கரைகளைத் தாங்கியிருப்பதே இதற்குக் காரணம். அவற்றைப் பார்த்துப் பழகிய உடல், "என் வாசலில் இல்லாத கோலம் இது" என்று குறித்துக்கொள்கிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் இருத்துக. பாடம் முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

2. மனிதரிடமிருந்து மனிதருக்கு

இரத்தத்தில் உள்ள அடையாளங்கள் சில. திசுக்களில் உள்ள அடையாளங்களோ மிகப் பல. அவை உடன்பிறந்தாரிடத்தும் வேறுபடும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிடத்து மட்டுமே முற்றும் ஒத்திருக்கும். ஆதலின் 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே வெற்றியுடன் செய்த சிறுநீரக மாற்று, அத்தகைய இரட்டையருக்கிடையே நிகழ்ந்தது.

இரட்டையர் அல்லாதாருக்கு இடையே மாற்று செய்யும்போது வெள்ளணுக்களில் டி-அணுக்கள் எனப்படுவன அயல் உறுப்பை அறிந்து, சில நாள்களில் படைதிரட்டித் தாக்குகின்றன. இப்படையை அடக்க நெடுங்காலம் நல்ல மருந்து இல்லை. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து 1980-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின்னரே இதயமும் கல்லீரலும் நுரையீரலும் மாற்றும் அறுவைகள் உலகெங்கும் பரவின. மாற்றுறுப்புப் பெற்றவர் வாழ்நாள் முழுதும் இத்தகைய மருந்துகளை உண்ணவேண்டும். எதிர்ப்பாற்றல் தணிந்திருப்பதால் தொற்றுநோய்க்கு அஞ்சி வாழவேண்டும்.

ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்கவேண்டும். சைக்ளோஸ்போரின் அடக்குவது இனிமேல் திரளப்போகும் படையை. முன்னரே ஆயத்தமாய் இரத்தத்தில் சுற்றிவரும் எதிர்ப்பொருள்களை அது தடுக்காது. மனிதருக்கு மனிதர் உறுப்புத் தரும்போது இரத்த வகையைப் பொருத்தியும், பெறுவோர் இரத்தத்தை முன்கூட்டிச் சோதித்தும் இதைத் தவிர்த்துவிடலாம். இனம் கடந்தால் தவிர்க்க இயலாது.

3. இனம் கடந்தால் நேர்வது

1906-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் மாத்தியே ழபுலே என்ற அறுவை மருத்துவர், பன்றியின் சிறுநீரகம் ஒன்றை நோயாளியின் கைக் குருதிக்குழாயோடு இணைத்துப் பார்த்தார், அது பயன்தரவில்லை. காரணம் அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. 1980-களில் யூரி காலிலி என்ற ஆய்வாளர் அதைத் தெளிவுபடுத்தினார். பன்றி, ஆடு, மாடு, நாய் முதலிய பாலூட்டிகளின் உயிரணு வாசலில் "ஆல்ஃபா-கால்" என்னும் ஒரு சர்க்கரைக் கோலம் உண்டு. மனிதருக்கும், வாலில்லாக் குரங்குகளுக்கும், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் அது இல்லை. 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே நம் மரபில் அதை உருவாக்கும் மரபணு செயலற்றுப்போயிற்று. நம் வாசலில் இல்லாத அக்கோலத்தைக் குடலின் நுண்ணுயிர்களிடம் கண்டு பழகிய நம் உடல், அதற்கெதிரான எதிர்ப்பொருள்களை ஏராளமாய்ச் செய்து வைத்திருக்கிறது. இரத்த வகைப் பாடத்தில் பார்த்த அதே நிகழ்ச்சிதான். பி வகை அடையாளமும் ஆல்ஃபா-காலும் அமைப்பில் நெருங்கிய உறவினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இனி, பன்றியின் உறுப்பு ஒன்றை மனிதரின் குருதிக்குழாயோடு இணைத்தால் நிகழ்வதை வரிசையாகக் காண்போம்.

முதலாவதாக, எதிர்ப்பொருள்கள் உறுப்பின் நாளச் சுவரிலுள்ள ஆல்ஃபா-காலைப் பற்றிக்கொள்கின்றன. இரண்டாவதாக, நிரப்புப் புரதங்கள் எனப்படும் ஒரு புரதத் தொகுதி விழித்தெழுந்து நாளச் சுவரைத் துளைக்கிறது. மூன்றாவதாக, கிழிந்த சுவரில் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டி இரத்தம் உறைகிறது. உறையாத இடங்களில் இரத்தம் கசிகிறது. நான்காவதாக, இளஞ்சிவப்பாய் இருந்த உறுப்பு கருநீலமாகிச் செயலிழக்கிறது. இவையனைத்தும் நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முடிந்துவிடும். இதனை மீவிரைவு நிராகரிப்பு என்பர். அறுவை மருத்துவரின் கை எத்துணைத் தேர்ந்ததாயினும் இதைத் தடுக்க இயலாது.

ஆல்ஃபா-கால் இல்லாத குரங்கினத்து உறுப்புகள் இவ்வாறு உடனே கருகுவதில்லை. 1960-களில் அமெரிக்காவில் கீத் ரீம்ட்ஸ்மா என்பவர் சிம்பன்சியின் சிறுநீரகங்களை 13 பேருக்குப் பொருத்தினார். பெரும்பாலோர் சில வாரங்களில் இறந்தனர். ஒருவர் மட்டும் 9 மாதம் வாழ்ந்தார். 1984 அக்டோபரில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா மருத்துவமனையில் லெனார்ட் பெய்லி, பிறந்து சில நாள்களே ஆன ஒரு பெண் குழந்தைக்குப் பபூன் குரங்கின் இதயத்தைப் பொருத்தினார். குழந்தை 20 நாள் உயிரோடிருந்தது. குழந்தை ஓ வகை, பபூன் ஏபி வகை. நம் முதற்பாடத்தின் பொருத்தமின்மையே அங்கும் ஒரு காரணமாயிற்று.

"அவ்வாறாயின் ஏன் குரங்கை விட்டுப் பன்றியை நாடினர், பாட்டி?" என்று ஒரு பிள்ளை கேட்டது. குரங்கு மெதுவாய் வளர்வது, ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனுவது, அதன் நச்சுயிரிகள் மனிதருக்கு எளிதில் தொற்றக்கூடியன, மனிதருக்கு மிக நெருங்கிய உயிர் என்னும் இரக்கவுணர்வு ஆகியவை காரணங்கள். பன்றியோ ஓர் ஈற்றில் பல குட்டிகள் ஈனும். அதன் உறுப்பின் அளவும் மனித உறுப்போடு ஒத்துவரும்.

4. நுரையீரலுக்கு மட்டும் ஏன் இத்துணை இடர்?

இதயமும் சிறுநீரகமும் கண்ட முன்னேற்றத்தை நுரையீரல் காணவில்லை. காரணங்கள் அதன் அமைப்பிலேயே உள்ளன.

இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் முழுவதும் நுரையீரல் வழியே சென்று திரும்புகிறது. சிறுநீரகங்களுக்குச் செல்வது அதில் ஐந்தில் ஒரு பங்கே. ஆகவே எதிர்ப்பொருள்களும் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் வேறெந்த உறுப்பையும்விட நுரையீரலையே மிகுதியாய்ச் சந்திக்கின்றன.

நுரையீரலின் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும் என்பர். காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. அதில் சிறு கசிவு ஏற்பட்டாலும் நீர்கோத்து நுண்ணறைகள் நிரம்பிவிடும். சிறுநீரகம் சற்று வீங்கினாலும் ஓரளவு வேலை செய்யும். நீர்கோத்த நுரையீரலில் மூச்சு ஏது?

பன்றியின் நுரையீரல் நாளங்களுக்குள்ளேயே விழுங்கணுக்கள் பல நிலையாய்த் தங்கியுள்ளன. மனித இரத்தம் பாய்ந்தவுடன் அவை நம் இரத்த அணுக்களை அயலெனக் கருதித் தாக்குகின்றன. விருந்தாளியை வீட்டார் மறுப்பது ஒருபுறமிருக்க, விருந்தாளியும் வீட்டாரைத் தாக்குகிறார் என்க. மேலும், பன்றியின் இரத்த உறைவுப் புரதம் ஒன்று மனிதத் தட்டணுக்களைக் காரணமின்றித் தூண்டி, நாளமெங்கும் சிறு உறைகட்டிகளை உண்டாக்குகிறது.

இவற்றோடு, உள்ளுறுப்புகளுள் ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றின் தூசையும் கிருமியையும் ஏற்பது நுரையீரல். எதிர்ப்பாற்றலை மருந்தால் தணித்தால் தொற்று நுழைகிறது. தணிக்காவிட்டால் நிராகரிப்பு நேர்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழி நுரையீரலுக்கு மிக ஒடுங்கியது. மனித நுரையீரலைப் பெற்றோரிடத்தும் இவ்விடர் உண்டு. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரே ஐந்து, ஆறு ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

5. சோனாப்பூர், 1997

இத்துறையில் நம் பாரத நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. அசாம் மாநிலத்தில் கௌகாத்தி நகரை அடுத்த சோனாப்பூரில் டாக்டர் தனிராம் பருவா ஓர் இதய ஆய்வு நிலையம் நடத்திவந்தார். பிரிட்டனில் பயின்று, இதய வால்வு ஆய்வில் ஈடுபட்டவர் அவர். 1997 ஜனவரி 1-ஆம் நாள், இதயத்தின் கீழறைகளுக்கு இடையே துளையுடைய 32 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். ஹாங்காங்கைச் சேர்ந்த ஜோனத்தன் ஹோ என்ற அறுவை மருத்துவர் உடனிருந்தார். அறுவை ஏறத்தாழ 15 மணி நேரம் நடந்தது. ஏழு நாள் கழித்து நோயாளி இறந்தார். உடலில் பல தொற்றுகள் இருந்தன.

தாம் உருவாக்கிய ஒரு கரைசல் மீவிரைவு நிராகரிப்பைத் தடுத்தது என்பது டாக்டர் பருவாவின் கூற்று. உலக மருத்துவ ஆய்வாளர் அதை ஏற்கவில்லை. ஏற்காததன் காரணத்தை, இதுவரை படித்த பாடத்தைக் கொண்டு நாமே உணரலாம். ஆல்ஃபா-கால் மரபணு நீக்கப்பட்ட பன்றி 1997-இல் உலகில் எங்கும் பிறந்திருக்கவில்லை. பன்றி நுரையீரலைப் பபூனுக்குப் பொருத்திய ஆய்வுக்கூடங்களில் அது மணிக்கணக்கில்தான் நிலைத்தது. அத்தகைய நிலையில், பிறர் சோதித்து உறுதி செய்யாத ஒரு கரைசலை நம்பி நேரே ஒரு மனிதரிடம் முயல்வது முறையாகாது. அசாம் அரசின் விசாரணை, அச்செயல் மருத்துவ அறத்துக்குப் புறம்பானது என்றும், 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி அந்நிலையம் பதிவு பெறவில்லை என்றும் கூறியது. மருத்துவர்கள் இருவரும் கைதாயினர்; 40 நாள் சிறையில் இருந்தனர்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 10 மரபணு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் இதயம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டபோது, டாக்டர் பருவாவின் பெயர் மீண்டும் நாளிதழ்களில் அடிபட்டது. "நம்மவர் 25 ஆண்டு முந்திச் செய்தார்" என்று பெருமை பேசியோரும் உளர். முந்துவது மட்டும் பெருமையாகாது. நோயாளிக்கு உண்மையை உரைத்து இசைவு பெறுதல், பிறர் சோதிக்க ஏதுவாய் முடிவுகளை வெளியிடுதல், அறக்குழுவின் ஒப்புதல் பெறுதல் ஆகிய மூன்றும் இன்றிச் செய்யும் அறுவையில் சோதனைக்கு உள்ளாவது ஓர் ஏழையின் உயிரே. மேரிலாந்து நோயாளியும் இரண்டு மாதமே வாழ்ந்தார். பன்றியின் நச்சுயிரி ஒன்று அவ்விதயத்தில் காணப்பட்டது. ஆயினும் அதன் ஒவ்வொரு செய்தியும் வெளியிடப்பட்டதால், பின்வந்தோர் பன்றிகளை இன்னும் நுட்பமாய்ச் சோதிக்கக் கற்றனர்.

6. குவாங்சோ, 2025

2002-ஐ ஒட்டி ஆல்ஃபா-கால் மரபணு நீக்கப்பட்ட பன்றிகள் பிறந்தன. பின்னர், மனித உடல் எதிர்க்கும் வேறு இரண்டு சர்க்கரைகளும் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டன. 2024 மார்ச்சில் பாஸ்டனில் உயிருள்ள நோயாளிக்குப் பன்றிச் சிறுநீரகம் முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. 2025 ஜனவரியில் பொருத்தப்பட்ட மற்றொன்று 271 நாள் இயங்கியபின் அகற்றப்பட்டது.

நுரையீரலில் முதல் முயற்சியின் முடிவுகளைச் சீன நாட்டுக் குவாங்சோ மருத்துவர்கள் 2025 ஆகஸ்டில் வெளியிட்டனர். மூளைச்சாவு அடைந்த 39 வயது மனிதர் ஒருவரின் உடலில், குடும்பத்தார் இசைவோடு, பன்றியின் இடது நுரையீரல் பொருத்தப்பட்டது. அவருடைய வலது நுரையீரல் அகற்றப்படவில்லை. அந்தப் பன்றியில் ஆறு மரபணு மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. மூன்று, பன்றியின் சர்க்கரைக் கோலங்களை அழித்தவை. மூன்று, நிரப்புப் புரதங்களையும் இரத்த உறைவையும் கட்டுப்படுத்தும் மனிதப் புரதங்களைச் சேர்த்தவை.

மீவிரைவு நிராகரிப்பு நேரவில்லை. ஆயினும் 24 மணி நேரத்தில் நுரையீரலில் கடுமையாய் நீர்கோத்தது. 3-ஆம் நாளிலும் 6-ஆம் நாளிலும் எதிர்ப்பொருள்களின் தாக்குதல் காணப்பட்டது. 9-ஆம் நாளில் ஓரளவு மீட்சி தெரிந்தது. குடும்பத்தாரின் விருப்பப்படி 9-ஆம் நாளில் சோதனை முடித்துக்கொள்ளப்பட்டது. முதற்கதவு திறந்தது, உள்ளே இன்னும் பல கதவுகள் மூடியே இருக்கின்றன என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். மூச்சுக்கு ஏங்கும் நோயாளி ஒருவர் இன்று நம்பியிருக்கத்தக்க சிகிச்சையன்று இது.

7. அறத்தின் வினா

இனிப் பெரியோரின் வினாவுக்கு வருவோம். பன்றி ஐம்பொறியும் மனமும் உடைய உயிர். உறுப்புக்காக வளர்க்கப்படும் பன்றிகள், கிருமி புகாத கூடங்களில், பெரும்பாலும் அறுவை மூலம் எடுக்கப்பட்டுத் தாயினின்றும் பிரிக்கப்பட்டு வளர்க்கப்படுகின்றன. இறுதியில் உறுப்புக்காகவே கொல்லப்படுகின்றன. இம்சை நால்வகை என்று நம் ஆன்றோர் வகுத்தனர். உணவு சமைத்தல் முதலிய இல்லற வேலைகளில் நேர்வது ஆரம்பி; தொழிலில் நேர்வது உத்யோகி; தற்காப்பில் நேர்வது விரோதி; கொல்லவேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கல்பி. முதல் மூன்றையும் இல்லறத்தார் இயன்றவரை குறைக்கவேண்டும். நான்காவதை அறவே விலக்கவேண்டும். உறுப்புக்கென்று வளர்த்துக் கொல்வது எவ்வகையைச் சேரும் என்பதை வாசகர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

ஆயினும், நம் கை முற்றும் தூய்மையாய் இருப்பதாக எண்ணிவிடலும் ஆகாது. அறுவைக் கூடத்திலும் இரத்தச் சுத்திகரிப்பிலும் இரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பாரின், பன்றியின் குடற்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. இதய வால்வுகளிலும் பன்றி, மாட்டுத் திசுவால் ஆனவை உண்டு. வேதிப்பொருளால் பதப்படுத்தப்பட்டு உயிரணுக்கள் இறந்த திசுவாதலின், உயிருள்ள உறுப்பைப் போல் அவற்றை உடல் விரைந்து எதிர்ப்பதில்லை. வால்வு மாற்றவேண்டியவர், "விலங்குத் திசு இல்லாத வால்வு எனக்குப் பொருந்துமா?" என்று மருத்துவரைக் கேட்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதல் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு உலோகத்தாலும் செயற்கை இழையாலும் நெகிழியாலும் ஆனது. இத்தகைய வால்வுக்கு வாழ்நாள் முழுதும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை வேண்டும். ஆதலின் முடிவை மருத்துவரோடு கலந்தே எடுக்கவேண்டும்.

உயிர் ஊசலாடும் நேரத்தில் ஒருவர் எச்சிகிச்சையை ஏற்றார் என்பதைக் கொண்டு அவரைப் பழிப்பதும் அறமன்று. ஏற்றலும் மறுத்தலும் அவரவர் விரதநிலைக்கும் மனவலிமைக்கும் உரியன. அறிந்து முடிவெடுக்க உதவுவதே சமூகத்தின் கடன்.

8. இன்று நம் கையில் உள்ளது

மனித உடல் மிகுதியாய் ஏற்பது மனித உறுப்பையே என்பதை இப்பாடம் முழுவதும் கண்டோம். கொலையின்றிக் கிடைப்பதும் அதுவே. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள், இறந்த பின்னும் செய்யக்கூடிய ஔடத தானமாகவும் அபய தானமாகவும் உறுப்புக் கொடையைக் கருதலாம் என்பது நம் எண்ணம்.

தமிழ்நாடு இதில் நல்வழி காட்டிய மாநிலம். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்னும் சிறுவனின் உறுப்புகளை, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவரான பெற்றோர் கொடையளித்தனர். காவல்துறை சென்னைச் சாலையை ஒதுக்கித் தர, அவன் இதயம் ஒரு சிறுமிக்குச் சென்றது. அவ்வாண்டே மாநிலத்தின் உறுப்பு மாற்றுத் திட்டம் வடிவம் பெற்றது. 2023 செப்டம்பர் முதல், உறுப்புக் கொடையளித்தோருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடைபெறுகிறது.

மக்கள் மனத்தில் உள்ள ஐயங்கள் சிலவற்றுக்கு விடை கூறுவோம்.

மூளைச்சாவு என்பது மயக்க நிலையா? அன்று. மயக்கத்தில் உள்ளவர் மீளலாம். மூளைச்சாவு அடைந்தவர் மீளார். செயற்கைச் சுவாசக் கருவியை நிறுத்திச் சோதித்தால் அவர் தாமாக மூச்சு விடமாட்டார். நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே இதை அறிவிக்கவேண்டும் என்பது சட்டம்.

இறுதிச்சடங்கு தாமதமாகாதா? உடலைக் காலந்தாழ்த்தாது எரியூட்டுதல் நம் வழக்கம். உடலில் நுண்ணுயிர்கள் தோன்றிப் பெருகி, எரியூட்டும்போது மடியும் என்ற அச்சமே அதன் அடிப்படை. கொடையாளரின் உடலில் உறுப்புகளை எடுக்கும் வரை இரத்த ஓட்டம் நிற்பதில்லை. அதன்பின் தையலிட்டு உடலை ஒப்படைத்துவிடுவர். ஆகவே நம் வழக்கத்துக்கு இது முரணாகாது என்றே கருதுகிறோம்.

ஊர்ப்புறத்தில் உள்ளோர்க்கு இது இயலுமா? எடுத்த இதயம் 4 முதல் 6 மணி நேரமும், நுரையீரல் 6 முதல் 8 மணி நேரமும் தாங்கும். மொரப்பூரில் ஒருவர் விபத்துக்குள்ளானால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சேலத்துக்கோ கொண்டுசெல்வர். உறுப்பெடுக்கும் ஏற்பாடு மருத்துவமனையின் பொறுப்பு. குடும்பத்தார் செய்யவேண்டியது இசைவு தருதல் ஒன்றே.

அந்த இசைவுதான் கடினமானது. மருத்துவர் கேட்கும் வேளையில் குடும்பம் கண்ணீரில் இருக்கும். "அவர் விருப்பம் என்னவோ, எங்களுக்குத் தெரியாதே" என்று தயங்கியே பலர் மறுக்கின்றனர். உறுதிமொழி அட்டை கையில் இருந்தாலும் நெருங்கிய உறவினரின் ஒப்புதலைக் கேட்பதே நடைமுறை. ஆதலின், நலமாய் இருக்கும் நாளிலேயே தம் விருப்பத்தை, ஆம் என்றாலும் இல்லை என்றாலும், வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லி வைத்தல் வேண்டும். எழுபதைக் கடந்த நாம் நம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். முதுமை தடையன்று, கண்களை எவ்வயதிலும் தரலாம், மற்றவற்றை மருத்துவர் தீர்மானிப்பர்.

பாடச் சுருக்கம்

உயிரணு வாசலின் சர்க்கரை அடையாளமே மீவிரைவு நிராகரிப்புக்கு முதற்காரணம். மரபணு மாற்றத்தால் அதை நீக்கலாம்; ஆயினும் நுரையீரலில் நீர்கோத்தலும் இரத்த உறைவும் பிந்திய தாக்குதலும் தீர்வின்றி நிற்கின்றன. சோதிக்காத முறையை மனிதரிடம் முயல்வதன் கேட்டைச் சோனாப்பூர் உணர்த்துகிறது. கொல்லாமையோடு இசைந்து இன்று செய்யத்தக்கது மனித உறுப்புக் கொடை.

குடும்பத்தோடு கலந்துரையாடுவதற்கான வினாக்கள்

1. ஓ வகை இரத்தமுடையவருக்கு ஏ வகை ஆகாமையும், மனிதருக்குப் பன்றி உறுப்பு ஆகாமையும் எவ்வாறு ஒத்துள்ளன?
2. சைக்ளோஸ்போரின் மட்டும் மீவிரைவு நிராகரிப்பைத் தடுக்க இயலாமைக்குக் காரணம் கூறுக.
3. சிறுநீரகத்தைவிட நுரையீரல் மாற்று கடினமாய் இருப்பதன் காரணங்கள் மூன்றினை விளக்குக.
4. சோனாப்பூர் அறுவைக்கும் குவாங்சோ சோதனைக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
5. நால்வகை இம்சைகளுள் ஹெப்பாரின் மருந்தை ஏற்பது எதில் அடங்கும்? நும் வீட்டுப் பெரியோரோடு ஆராய்க.
6. உறுப்புக் கொடை பற்றி நும் வீட்டில் ஒவ்வொருவரின் விருப்பமும் யாது? இன்றே கேட்டறிக.